அளந்த தண்ணீர்

மிளகாய்ப் பழம் பறிக்கப் போன இடத்தில் பாலம்மாள் நிரைக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நெஞ்சு வலிக்கவில்லை. அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. தாடையும் இடது தோளும் கடுத்தன, குமட்டிக்கொண்டு வந்தது, சேலை முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வேர்த்தது. கூடப் பறித்தவர்கள் வாயு என்றார்கள். ஒருத்தி சோடா வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

அவள் புருஷன் கோபாலசாமி ஓடைக்கரையில் வெள்ளாடுகளை மேயவிட்டுக்கொண்டு நின்றார். சேதி கேட்டு வந்தவர், அவள் உதட்டைப் பார்த்ததும் தழை ஒடிக்கிற தொரட்டிக் கம்பைக் கீழே போட்டார். கத்தரிக்காயைத் தீயில் வாட்டின மாதிரி ஒரு நிறம்.

"எனக்கு ஒண்ணுமில்ல. ஆட்டை அங்கன விட்டுட்டு எதுக்கு ஓடி வருதீங்க?" என்றாள் பாலம்மாள். பிறகு அவர் கால்மாட்டிலேயே வாந்தி எடுத்தாள்.

விளாத்திகுளம் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்தவுடனேயே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். கோவில்பட்டி போகிற வழி முழுக்கக் கோபாலசாமி அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கரிசல் காட்டில் செருப்பில்லாமல் நடந்து நடந்து வெடித்த பாதம். அது குளிர்ந்துகொண்டே வந்தது. தேய்த்தார். மறுபடியும் குளிர்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் மகள் தீபலட்சுமி நின்றிருந்தாள். கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருப்பவள். ஊசி குத்திய ரவிக்கைத் துணி ஒன்று தோளில் கிடப்பதுகூடத் தெரியாமல் ஓடி வந்திருந்தாள். இருதய டாக்டர் ஹரிகிருஷ்ணன் இருவரையும் நிற்க வைத்தே பேசினார்.

"இருதயத்துக்கு ரத்தம் போற குழாய் ஒண்ணு முழுசா அடைச்சிருக்கு. உடனே திறக்கணும். திறக்கும்போது குழாய் படத்துல தெரியிறதுக்கு ஒரு மருந்து உள்ள விடுவோம். அம்மாவுக்கு வயசாச்சு, சர்க்கரை இருக்கு, சிறுநீரகமும் கொஞ்சம் சோர்ந்துதான் இருக்குன்னு ரத்தத்துல தெரியுது. வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுவாங்களா?"

"முட்டு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடுவா. தெனமும்தான். அது போட்டாத்தான் காட்டுக்கு நடக்க முடியும்பா" என்றார் கோபாலசாமி.

"அதுவும் சிறுநீரகத்துக்கு ஆகாது ஐயா. இருதயம் அடி வாங்கியிருக்கிறதோட இந்த மருந்தும் சேரும்போது சிறுநீரகம் பாதிக்கப்படலாம். முதல்லயே சொல்லிடறேன். ஆனா திறக்கலைன்னா உயிரே நிக்காது."

தீபலட்சுமி தலையாட்டினாள். கோபாலசாமியின் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது.

குழாய் திறந்தது. உள்ளே ஸ்டென்ட் வைத்தாயிற்று என்று வெளியே வந்து சொன்னார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது பாலம்மாளின் உதட்டில் பழைய நிறம் வந்திருந்தது. கோபாலசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டார். அந்த ஒரு ராத்திரிதான் அவர் நிம்மதியாகத் தூங்கியது.

மறுநாளே அவர் கண்ணில் வேறொன்று பட்டது. கட்டிலுக்கடியில் தொங்கிய மூத்திரப் பை.

ஆட்டைப் பார்க்கிறவன் முதலில் பார்ப்பது அதன் வாயையும் புட்டத்தையும்தான். தின்கிறதா, கழிகிறதா, மற்றதெல்லாம் அப்புறம். அந்தப் பழக்கத்தில் அவர் பையைக் குனிந்து பார்த்தார். அடியில் கொஞ்சம் கிடந்தது, கடுங்காப்பி நிறத்தில். மத்தியானம் பார்த்தார். அதே அளவு. சாயங்காலமும் அதேதான்.

அவருடைய பட்டியில் ஒரு கொம்பன் கிடாய்க்கு நீர் அடைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. மந்தையைவிட்டுத் தனியே ஒதுங்கி, முதுகை வளைத்து முக்கி முக்கி நிற்கும். சொட்டுச் சொட்டாக வரும். பிறகு அதுவும் வராது. வயிறு பானை மாதிரி உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு அது செத்தது. அதற்கு மேல் வேறு எதையும் அவரால் நினைக்க முடியவில்லை.

"தாயி, இதுல ஒண்ணும் எறங்கலியே" என்று நர்ஸ் காவியாவிடம் போய்ச் சொன்னார். காவியா சின்னப் பெண். வாய் ஓயாமல் பேசுகிறவள். அன்றைக்குச் சிரிக்காமல் பதில் சொன்னாள்.

"நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் தாத்தா. டாக்டர் வந்து பேசுவாங்க."

டாக்டர் வந்தார். கிரியேட்டினின் ஏறியிருக்கிறது என்றார். சிறுநீரகம் கழிவைப் பிரித்து வெளியேற்றவில்லை என்றால் ரத்தத்தில் அது கூடிக்கொண்டே போகும். அதைத்தான் அந்த எண் காட்டும்.

"அடைப்பை எடுத்துவிட முடியாதாய்யா? கிடாய்க்கு நீர் அடச்சா மாட்டு டாக்டர் நுனியில கீறி விடுவாரு. சமயத்துல பொழச்சுக்கிடும்."

"அது வழியில கல்லு அடைக்கிறது. இங்க வழி திறந்துதான் இருக்கு ஐயா. தண்ணியைப் பிரிக்கிற வேலைதான் நின்னுபோச்சு."

அந்த விளக்கம் அவரை இன்னும் பயமுறுத்தியது. அடைப்பு என்றால் ஒரு கையால் குத்தியாவது எடுக்கலாம். நின்றுபோனதை என்ன செய்வது?

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் டாக்டர். "இருதயம் இன்னும் பலவீனமாத்தான் அடிக்குது. குடிக்கிற தண்ணி வெளியே போகலைன்னா நுரையீரல்ல போய்த் தேங்கும். மூச்சு முட்டும். அதனால தண்ணி அளந்துதான் கொடுக்கணும்."

காவியா கோடு போட்ட ஒரு பாட்டிலையும் மூடி அளவுக்கு ஒரு குவளையையும் அவர் கையில் கொடுத்தாள். "ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தாத்தா. இது தவிர எது குடுக்கிறதா இருந்தாலும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க."

தீவிர சிகிச்சையிலிருந்து பக்கத்து வார்டுக்கு மாற்றினார்கள். உடம்பில் ஒயர்கள் மட்டும் அப்படியே இருந்தன. பெண்கள் வார்டு என்றாலும், மகள் கடையையும் பிள்ளைகளையும் பார்க்கப் போகிற நேரத்தில் புருஷன் கூட இருக்கலாம் என்று விட்டார்கள். அங்கே தொடங்கியது பாலம்மாளின் தாகம்.

அவள் தாகம் தெரியாதவள் இல்லை. கோடையில் ஊருணி வற்றினால் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவள். ஒரு செம்பு தண்ணீரோடு காலையிலிருந்து மத்தியானம்வரை களை எடுப்பவள். அப்படிப்பட்டவள் கெஞ்சினாள்.

"தொண்ட ஒட்டுதுங்க. ஒரு மடக்கு."

"இப்பத்தானட்டி குடிச்ச."

"அந்தா பாட்டில்ல இருக்கே, அது யாருக்கு வச்சிருக்கீங்க?"

"சாயங்காலத்துக்கு."

"சாயங்காலம் வரைக்கும் நான் இருந்தால்லா?"

அவர் பாட்டிலைத் தள்ளி வைத்தார். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தார். அவள் அந்தப் பஞ்சைப் பல்லால் கவ்வி உறிஞ்சினாள். அவர் வெடுக்கென்று இழுத்துவிட்டார். இழுத்த பிறகு தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்நாளில் ஒரு குட்டியின் வாயிலிருந்துகூட அவர் எதையும் பிடுங்கியதில்லை.

அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முகம் உப்பியிருந்தது; கணுக்காலில் விரலை வைத்து எடுத்தால் குழி விழுந்து அப்படியே நின்றது. இவள் தாகத்தோடு போய்விட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் கோபாலசாமிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. சாகிற உயிர் தண்ணீர் கேட்டும், கையில் வைத்துக்கொண்டே கொடுக்காதவன் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வது கிடக்கட்டும். அவருக்கே தெரியுமே.

இந்த நிலையில்தான் நாகலாபுரத்திலிருந்து அவருடைய அக்கா செல்வமாரி வந்து சேர்ந்தாள். புருஷனை இழந்த பிறகு தனியாகக் கம்பும் உளுந்தும் போட்டுப் பிழைப்பவள். தம்பி குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவும் அவளைக் கேட்காமல் நடந்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய இரண்டு இளநீரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், தலை சீவி, உடனே கண் திறக்கிற மாதிரி.

பாலம்மாளின் வெடித்த உதட்டைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. தம்பி பக்கம் திரும்பியபோது அது கோபமாக மாறியிருந்தது.

"ஏலே, பச்சத் தண்ணி குடுக்காம இப்பிடிப் போட்டு வச்சிருக்கியே, ஒனக்கு நெஞ்சு கல்லாலே?"

"அளந்துதான் குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காவக்கா."

"அவிய தண்ணியத்தான சொன்னாவ? இது எளநில்லா. ஒடம்பு சூடேறித்தான் நீர் கட்டிக்கிட்டு நிக்கி. நம்ம ஐயாவுக்கு நீர் கடுத்தப்ப என்னத்தலே குடுத்தோம்? பொழுது சாயறதுக்குள்ள போகலியா?"

அது உண்மைதான். அப்பாவுக்கு நடந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். கோடையில் நீர்க்கடுப்பு வந்தால் கரிசல்காட்டில் எல்லோரும் தேடுவது அதைத்தான்.

பாலம்மாள் திரும்பிப் படுத்தாள். இரண்டு நாளாகப் பேசாதவள், "மதினி, எனக்கு அதக் குடுங்க" என்றாள். குரல் காய்ந்த சோளத்தட்டை உரசுகிற மாதிரி இருந்தது.

கோபாலசாமி வார்டின் கோடியைப் பார்த்தார். காவியா புதிதாக வந்த ஒரு நோயாளிக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். போய்க் கேட்கலாம், பத்தடிதான். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வாள். அது தெரிந்ததால்தான் அவர் போகவில்லை.

அவரே பேனாக்கத்தியால் இளநீரின் கண்ணைத் திறந்தார். அவரே உறிஞ்சுகுழலை அவள் வாயில் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள். கடைசியில் குழல் கரகரவென்று சத்தம் போட்டது. இரண்டாவதையும் கேட்டாள். கொடுத்தார்.

"உசுரு வந்துட்டுதுங்க" என்று சொல்லி, பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். செல்வமாரி முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டாள். கோபாலசாமிக்குக் கட்டிலைச் சுற்றி ஒரு ஆட்டம் போடலாம் போல இருந்தது. குனிந்து பையைப் பார்த்தார். இனி இறங்கும் என்று காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் குனிந்தார். ஒன்றுமில்லை.

வெயில் ஜன்னலைவிட்டுப் போகிற நேரத்தில் பாலம்மாள், "கை தூக்க வரலியே" என்றாள்.

"தூங்கி எந்திச்சா சரியாப் போயிரும்" என்றாள் செல்வமாரி.

"காலும் மரத்துக்கிடக்கு. நெஞ்சு... நெஞ்சு நின்னு நின்னு அடிக்கு." மூச்சு வாங்க எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடினாள். கரையில் போட்ட கெண்டை மாதிரி. தலைமாட்டுத் திரையில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக்கோடு அகலமாக, சோம்பலாக வளைந்தது. ஏதோ ஒன்று கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

காவியா ஓடி வந்தாள். அவள் பின்னால் இரண்டு பேர். கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். கோபாலசாமியை யாரோ தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். டாக்டர் ஹரிகிருஷ்ணன் படியேறி வந்த வேகத்தில் அவர்மேல் இடித்துக்கொண்டார்; நின்று, நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"தண்ணி தவிர வேற ஏதாவது குடுத்தீங்களா ஐயா?"

செல்வமாரியின் விரல்கள் அவர் முழங்கையைக் கிள்ளின. சொல்லாதே என்று அர்த்தம். சொன்னால் இவர்கள் கையை விரித்துவிடலாம். நீயே கொன்றுவிட்டு எங்களிடம் ஏன் வருகிறாய் என்று கேட்கலாம். மகள் இனி முகத்தில் முழிக்கமாட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து பாலம்மாளின் மூச்சு, பழைய துருத்தி இழுப்பது போலக் கேட்டது.

"எளநி" என்றார். "ரெண்டு. நாந்தான்யா குடுத்தேன்."

டாக்டர் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. திரும்பி உள்ளே பார்த்து, "பொட்டாசியம்தான். கால்சியம் போடுங்க, டயாலிசிஸுக்குச் சொல்லுங்க, சீக்கிரம்" என்று கத்தினார். பிறகு இவரிடம், "இளநீர்ல இருக்கிற உப்பு ஒண்ணு, சிறுநீரகம் வேலை செய்யாதவங்களுக்கு வெளியே போகாது. ரத்தத்துல கூடி இருதயத்தையே நிறுத்திடும். நீங்க சொன்னதால ஒரு நிமிஷம் மிச்சம்" என்று சொல்லிவிட்டுத் திரைக்குள் போனார்.

கோபாலசாமிக்கு அதில் கடைசி வரி ஏறவில்லை. இருதயத்தையே நிறுத்திடும். அவ்வளவுதான் ஏறியது.

தீபலட்சுமி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தபோது அவள் அப்பா சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். தீபலட்சுமி தூக்கைக் கீழே வைத்தாள்.

"ஒரு போன் போட்டிருக்கக் கூடாதாப்பா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சு போச்சு?"

"ஏட்டி, நான்தான் வாங்கிட்டு வந்தேன். அவன வையாத" என்றாள் செல்வமாரி.

"வாங்கிட்டு வந்தது நீங்க. வாயில வச்சது இவரு" என்று சொல்லிவிட்டு மகள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஊசிகளால் இருதயம் தற்போதைக்குக் கட்டுக்குள் வந்திருக்கிறது, ஆனால் அது நீடிக்காது, டயாலிசிஸ் செய்துதான் ஆகவேண்டும் என்று டாக்டர் வந்து சொன்னார். கழுத்து நரம்பில் குழாய் வைத்து ரத்தத்தை எந்திரத்துக்கு எடுத்து, சுத்தப்படுத்தித் திரும்ப ஏற்றுவது. அந்த வார்த்தையைக் கேட்டதும் கோபாலசாமி எழுந்து நின்றார்.

அவர்கள் ஊரில் சாமித்துரை என்று ஒருவர் இருந்தார். வாரம் தவறாமல் தூத்துக்குடிக்கு டயாலிசிஸுக்குப் போய் வந்தவர். ஊசி குத்திக் குத்தி அவர் கை சுரைக்கொடி மாதிரி முண்டும் முடிச்சுமாக இருக்கும். போய்விட்டு வருகிற நாளில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்க முடியாமல் வழியில் உட்கார்ந்துவிடுவார். நல்ல கபடிக்காரர். ஒரு நாள், 'போதும்' என்று சொல்லிப் போகாமல் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

"அதுல ஏத்துனா எறக்க முடியாதுய்யா" என்றார் கோபாலசாமி. அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "வேண்டாம். மருந்துலயே பாருங்க."

"அவருக்குச் சிறுநீரகம் வருஷக்கணக்காக் கெட்டு, முழுசாப் போயிருக்கும். அம்மாவுக்குத் திடீர்னு நின்னிருக்கு. இப்படி நின்னது பல பேருக்குத் திரும்ப வேலை செய்யும். அது வரைக்கும் அந்த வேலையை எந்திரம் செய்யும்."

"இவளுக்குத் திரும்புமாய்யா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வயசுல, சர்க்கரையும் இருக்கிறவங்கள்ல, சில பேருக்குத் திரும்பாமலும் போகுது. வந்துடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இன்னைக்குச் செய்யலைன்னா நாளைக்கு அந்தக் கேள்வியே இருக்காது."

கோபாலசாமி மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடுங்கப்பா" என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார். 'சாமி' என்கிற இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

டயாலிசிஸ் அறைக் கதவில் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் வழியாகப் பார்த்தார். பாலம்மாளின் கழுத்திலிருந்து சிவப்பாக ஒரு குழாய் போனது, இன்னொன்று வந்தது. அவள் ரத்தம் அவளுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தது. எந்திரத்தில் ஒரு சக்கரம் மெதுவாகத் திரும்பியது. அது ஒரு கணம் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தார். நினைத்த பிறகு அந்தச் சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. தான் பார்க்காமல் இருந்தால் அது நின்றுவிடும் என்று தோன்றியது. கால் வலித்தது, மாற்றி மாற்றி நின்றார். செல்வமாரி காப்பி கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தார், திரும்பாமலேயே.

சக்கரம் நிற்கவில்லை. மூச்சு அடங்கியது. அன்றைக்குப் பிழைத்துக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பை நிறையவில்லை. ஒரு நாள் விட்டு மறுபடியும் எந்திரத்தில் போட்டார்கள். பிறகு மறுபடியும். கோபாலசாமி இப்போது அளவு பாட்டிலைக் கழுத்தில் மாட்டாத குறையாகக் காவல் காத்தார். பழம் கொண்டுவந்த சொந்தக்காரர்களை வார்டு வாசலிலேயே மறித்தார். வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்த ஒருத்தரோடு சண்டையே போட்டுவிட்டார். "இவருகிட்ட இருந்து ஒரு பொட்டுத் தண்ணி வாங்குததுக்குள்ள கெணறே வெட்டிரலாம்" என்று பாலம்மாள் காவியாவிடம் குறைப்பட்டாள். கோபாலசாமி அதற்கும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறை எந்திரத்துக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போதும், சாமித்துரையின் கைதான் அவர் கண்முன் வந்தது. இதை நான்தான் இழுத்துவிட்டேன் என்று மகளிடம் ஒருமுறை சொல்ல வாயெடுத்தார்.

"இளநி குடிக்கதுக்கு முன்னாடியே சிறுநீரகம் நின்னாச்சுப்பா" என்றாள் தீபலட்சுமி. டாக்டரிடம் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். "எப்பிடியும் எந்திரத்துல போட வேண்டி வந்திருக்கும்னுதான் சொன்னாவ. சாப்பிடுங்க." தூக்கைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். இருந்தாலும் அவள் குரலில் பழைய இளக்கம் முழுதாகத் திரும்பவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

பிறகு ஒரு காலையில் காவியா கட்டிலுக்கடியில் குனிந்தவள், "தாத்தா" என்று கூப்பிட்டாள். என்ன கேட்கப் போகிறோமோ என்று அருகில் போனார்.

"இதப் பாருங்க."

பையில் கால்வாசி நின்றது. நிறம் வெளுத்திருந்தது; வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி. அவர் அதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுவென்று இருந்தது. சந்தோஷப்படப் பயந்தார். கிடாய்கூடச் சாவதற்கு முன்னால் ஒருமுறை கொஞ்சம் விட்டது.

"இது நல்லதா கெட்டதா தாயி?"

"நல்லது தாத்தா. நல்லதுதான்."

மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடியது. அடுத்த டயாலிசிஸைத் தள்ளிவைத்துப் பார்ப்போம் என்றார்கள். தள்ளிவைத்தது அப்படியே நின்றுபோனது. கழுத்துக் குழாயை எடுத்த அன்று, அந்த இடத்தில் ஒட்டிய பஞ்சைத் தடவியபடி பாலம்மாள், "எனக்கு அன்னைக்கு என்ன ஆச்சு? யாரும் சொல்ல மாட்டேங்காவ" என்று கேட்டாள்.

கோபாலசாமி சொன்னார். எதையும் விடாமல், அக்கா கிள்ளியது உட்பட. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நான் கேட்டேன். நீங்க குடுத்தீங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒளிக்காமல் பேசினார். சிறுநீரகம் பாதிக்கு மேல் திரும்பியிருக்கிறது; மீதி இனி வராது. வலி மாத்திரை தொடவே கூடாது. இருதய மாத்திரை ஒரு வேளையும் தவறக் கூடாது. உப்பு, பழம், கீரை எல்லாம் சொல்லிக்கொடுத்தபடிதான். மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். "இன்னொரு தடவை இப்படி வந்தா தாங்கிறது கஷ்டம்" என்றார். அந்த வாக்கியத்தையும் சேர்த்துத்தான் கோபாலசாமி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பாலம்மாள் மெல்ல நடமாடினாள். முட்டு வலியோடுதான். மாத்திரை இல்லாததால் காட்டுக்குப் போக முடியவில்லை; களத்தில் உட்கார்ந்து வற்றல் தரம் பிரித்தாள். கோபாலசாமி ஆடுகளைத் தூர ஓட்டிப் போவதை விட்டுவிட்டார். வீடு கண்ணில் தெரிகிற தூரத்திலேயே மேய்த்தார். ஆடுகளுக்கு வயிறு நிரம்பவில்லை. அவள் கொல்லைப்பக்கம் போய்த் திரும்ப நேரமானால் வேலிவரை வந்து நிற்பார்.

"நான் மூத்திரம் பேயுதத எட்டிப் பாக்குத ஆம்பளைய இந்த ஊர்ல நீங்க ஒருத்தருதான்" என்பாள்.

"போச்சா?"

"போச்சு போச்சு. போயி ஆட்டப் பாருங்க."

ஐப்பசியில் முதல் மழை விழுந்து, காடுகளில் விதைப்பு நடந்துகொண்டிருந்தபோது ரத்தம் பார்க்கிற நாள் வந்தது. கோவில்பட்டி போனார்கள். ஆய்வுக்கூடத்தில் அவள் பெயரைக் கூப்பிடும்வரை கோபாலசாமி உட்காரவே இல்லை. கிரியேட்டினின் எண் போன மாதத்தைவிடக் கொஞ்சூண்டு கூடியிருந்தது.

"பயப்படற அளவு இல்ல. அடுத்த மாசம் பாப்போம்" என்றார் ஹரிகிருஷ்ணன்.

பயப்படற அளவு எது என்று கேட்க நினைத்தார். கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எட்டயபுரம் தாண்டியதும் பாலம்மாள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். வெளியே கரிசல் நனைந்து, ஏர் ஓட்டிய சால்களில் தண்ணீர் மினுங்கியது. கோபாலசாமி வெளியே பார்க்கவில்லை. அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் குலுங்குகிறபோது ஏறுவது மூச்சா குலுக்கலா என்று தெரியாமல் போகும், அடுத்ததுக்குக் காத்திருப்பார்.

விளாத்திகுளம் வந்தது. ஆட்கள் எழுந்தார்கள். "பாலம்மா" என்றார். அவள் அசையவில்லை. தோளைத் தொட்டார். "ஏட்டி." கையைப் பிடித்தார், குளிர்ந்திருந்தது. அவருக்கு உலகமே காதுக்குள் இரைந்தது. "ஏட்டி பாலம்மா!"

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

பாலம்மாள் கண்ணைத் திறந்தாள். "என்ன, பஸ்ஸுக்குள்ள நின்னு இப்பிடிக் கத்துதீங்க? ஊரே பாக்கு" என்று சொல்லி, பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அவர் முதலில் இறங்கி, படியில் கால் வைக்க அவளுக்குக் கை நீட்டினார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.